மாடத்திலிருந்து இறக்கிய படம்

கியெம் பெரியவர் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம் அது. பேச்சை மட்டும் நிறுத்தியிருந்தால் மகள் மியன் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவர் ஊரிலேயே பெரிய வாயாடி, கொஞ்ச நாள் காதுக்கு ஓய்வு கிடைத்தது என்று சிரித்துக்கூட இருப்பாள். மனுஷன் சாப்பாட்டையும் அல்லவா கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டு வந்தார். கஞ்சிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தால் ஒரு பார்வை பார்ப்பார், பிறகு சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துவிடுவார். கெஞ்சினாலும் அப்படித்தான், திட்டினாலும் அப்படித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்க் கடலட்டை பொறுக்கி வந்த உடம்பு அது. இப்போது போர்வைக்குள் ஆள் இருக்கிறாரா என்று மியன் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

அவளுக்கு அவரை விட்டால் நாதி இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு கேட்டு வந்தவன் எல்லாம் கடலுக்குப் போறவன், யாரு உக்காந்து அழறது" என்பாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கும் முன்னால், ஒன்பதாம் மாதத்துப் புயல் ஒன்றில், தம்பி லானையும் அவன் படகையும் கடல் எடுத்துக்கொண்டது. படகில் போன ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

எங்கள் தீவில் கடல் கொண்டுபோனவனுக்கும் சமாதி உண்டு. உள்ளே உடம்பு இருக்காது, அவ்வளவுதான். மலையடிவாரத்துக் களிமண்ணைப் பிசைந்து ஆள் உருவம் செய்வார்கள். மல்பெரிக் குச்சிதான் எலும்பு. அதற்குப் போனவனின் சட்டையை மாட்டி, பெட்டியில் கிடத்தி, பெற்ற அப்பன் கடலைப் பார்த்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தண்ணீரில் திசை தெரியாமல் அலைகிற உயிர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து மண்ணுக்குள் படுத்துக்கொள்ளும். காற்றுச் சமாதி என்று அதற்குப் பேர். லானுக்கு அந்த மண் உடம்பைச் செய்தவர் தொவாய் மந்திரக்காரர், கியெம் பெரியவரின் சிறுவயதுக் கூட்டாளி. கூப்பிட்டது கியெம். கடைசியில் குரல் உடைந்து அவர் கூப்பிட்டதைக் கேட்டு, எதற்கும் அசராத படகுக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதற்கப்புறமும் சில வருஷம் அவர் நடமாடத்தான் செய்தார். அம்மா போனதும்தான் விழுந்தார். ஞாபகமும் அங்கங்கே ஓட்டை விழ ஆரம்பித்தது. அக்கரையில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பலேற்றிக் கூட்டிப்போனாள். மறதி பாதி, மனசு விட்டுப்போனது பாதி என்றார் டாக்டர். இப்படியே சாப்பிடாமல் கிடந்தால் அடுத்த பூண்டு அறுவடையை அப்பா பார்க்கமாட்டார் என்று மியனுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு வாய் பேச்சு, ஒரு கிண்ணம் சோறு. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சுகாதார நிலையத்துக்கு லுவா என்று ஒரு நர்ஸ் வந்திருந்தாள். சின்னப் பெண், அக்கரைக்காரி, சிரித்த முகம். மாத்திரை வாங்கப் போன மியனை உட்காரவைத்துப் பேசினாள்.

"அக்கா, மாத்திரை பாதிதான் வேலை செய்யும். மீதி பேச்சுதான்."

"அவர் பேசினா நான் ஏன் உன்கிட்ட வந்து நிக்கறேன்?"

"பேசறதுக்கு ஆசை காட்டணும்க்கா. இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா அவர்கிட்ட பதில் இருக்காது, அவமானமாப் போயிடும். அந்தக் காலத்தைக் கேளுங்க. பழைய சாமான், பழைய வாசனை, பழைய போட்டோ, எதையாவது கையில கொடுத்துட்டுப் பக்கத்துல சும்மா உக்காருங்க. பெரிய ஊர்ல எல்லாம் இதையே ஒரு வைத்தியமா செய்றாங்க. சுவரைப் பாத்துப் படுத்த எத்தனையோ பேர் எந்திரிச்சு உக்காந்திருக்காங்க."

"தப்புத் தப்பாச் சொன்னா?"

"சொல்லட்டுமே. தேதி மாறும், ஆள் மாறும். திருத்தாதீங்க. வாத்தியார் வேலை பாக்காதீங்க. அவர் முகத்துல சிரிப்பு வருதா, அதை மட்டும் பாருங்க."

கடைசியில் சொன்னதை மியன் முந்தானையில் முடிந்துகொள்வதுபோல் முடிந்துகொண்டாள். மற்றதையும் அதே கவனத்தோடு கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தாள். பரணிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தாள். பார்த்தார், கீழே வைத்தார். வலை நூலைக் கொடுத்தாள். அதை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கிப்போனார். அவர் முதல் படகின் மணி, பழைய தைலப் புட்டி, எதுவும் வேலைக்கு ஆகவில்லை. மியனுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கிழவனே, எனக்காக ஒரு வார்த்தை பேசினால் உன் வாயிலிருக்கிற முத்தா உதிர்ந்துவிடும் என்று மனசுக்குள் கத்தினாள்.

ஒருநாள் அடுப்படியில் கறுப்புக் கொழுக்கட்டை அவித்தாள். கறுப்பு நிறம் கொடுக்கிற ஒரு இலையை அரைத்து மாவில் பிசைந்து, உள்ளே பயறும் வெல்லமும் வைத்து, வாழையிலையில் சுற்றி அவிப்பது. கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்பை வைத்துக் கும்பிடுகிற திமிங்கலச் சாமி கோயிலின் படையலுக்கு அம்மா செய்வாள். சூடாக ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இலையைப் பிரித்தார். முகர்ந்தார். முகர்ந்துகொண்டே இருந்தார்.

"திருட்டுப்பய" என்றார்.

மியன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாருப்பா?"

"உன் தம்பிதான், வேற யாரு. படையலுக்கு வெச்சதை எல்லாம் எடுத்துக்கிட்டு சாமி எலும்புக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்துட்டான். ஊரே தேடுது. இழுத்து வெளியில போட்டா வாயெல்லாம் கறுப்பு. ஏண்டா தின்னேன்னா, மீன் சாமி தின்னுச்சு, மிச்சத்தைத்தான் நான் தின்னேங்கறான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பல்லில்லாத வாயில் கொழுக்கட்டையை அதக்கிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் தின்றார். மியன் அடுப்படிக்குள் போய், தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுது தீர்த்தாள்.

அப்புறம் தினமும் மத்தியானம் கதைதான். எங்கே ஆரம்பித்தாலும் லானில்தான் வந்து நிற்கும். இடிக்குப் பயந்து அவன் வலைக்கூடைக்குள் ஒளிந்தது, கடலுக்குக் கூட்டிப்போகவில்லை என்று படகில் மீன் போடுகிற ஐஸ் அறைக்குள் பதுங்கிக்கொண்டு வந்தது, நடுக்கடலில் ஐஸுக்குள்ளிருந்து நீலம் பாரித்த முகத்தோடு எழுந்து "அப்பா பசிக்குது" என்றது. ஒரு கதைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி என்று மியன் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். கஞ்சி சோறானது, சோற்றோடு மீனும் இறங்கியது. லுவா வந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

அப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரு மத்தியானம், கதையின் நடுவில், பெரியவர் சட்டென்று நிறுத்தினார்.

"அவன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

"யாரு மூஞ்சிப்பா?"

"லான் மூஞ்சி. வரமாட்டேங்குது. குரல் வருது, மூஞ்சி வரமாட்டேங்குதுடீ." நெற்றியில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். மியன் கையைப் பிடித்தாள். பிடியை உதறிக்கொண்டு மறுபடி அடித்துக்கொண்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

லானுக்கு இருந்தது ஒரே ஒரு படம். சிநேகிதன் கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து வெட்டிப் பெரிசாக்கியது. ஓரத்தில் மாப்பிள்ளையின் தோளும் அதில் குத்திய பூவும் பாதி தெரியும். அந்தப் படம், செத்தவர்களை வைத்துக் கும்பிடுகிற முன்னோர் மாடத்தில், கறுப்புச் சட்டத்துக்குள், அம்மா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

மாடத்தில் ஏற்றிய படத்தை யாரும் இறக்கமாட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றால்கூடத் தொவாயைக் கூப்பிட்டு, நல்ல நேரம் பார்த்து, சொல்லிவிட்டுத்தான் தொடுவார்கள். இறந்தவன் உட்கார்ந்திருக்கிற இடம் அது, படத்தை எடுத்தால் அவனை எழுப்பிவிடுகிற மாதிரி. மியனுக்கு இது தெரியாதா? பால்குடி மறக்கும் முன்னாலேயே தெரியும். ஆனாலும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கும்பிட்டு, "கொஞ்ச நேரம் இறங்கி வாடா, அப்பாவைப் பாத்துட்டுப் போயிடு" என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டு, படத்தை இறக்கினாள். கறுப்புச் சட்டத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு மனசு கஷ்டப்படும் என்று அதையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவள் செய்த தப்பு இதுதான். அன்பில் செய்தது என்பதால் தப்பு இல்லை என்று ஆகிவிடாது.

பெரியவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். விரலால் அவன் புருவத்தைத் தடவினார்.

"இவ்வளவு நாளா இதை எங்க வெச்சிருந்த?"

"பொட்டியில இருந்துச்சுப்பா."

அவர் தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு படமாகப் பார்வை போயிற்று. தாத்தா. பாட்டி. அம்மா. அதற்கப்புறம் வெறும் சுவர். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்ததை மியன் கண்ணால் பார்த்தாள்.

"நான் என்னமோ நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"என்னப்பா நெனச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. கெட்ட கனவு. சோறு இருக்கா?"

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். கனவு இல்லை அப்பா, லான் போனது நிஜம் என்று. வாய் வரைக்கும் வந்தது. லுவாவின் குரலும் கூடவே வந்தது, திருத்தாதீங்க என்று. எழுந்து போய்ச் சோறு போட்டாள். அவர் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். படத்தை மெல்ல மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், அப்புறம் யாரிடமும் கொடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் தேறிய வேகத்தைப் பார்த்து ஊரே அசந்துபோனது. வாசலில் வந்து உட்கார்ந்தார். பூண்டு வயலுக்கு வெள்ளை மணல் பரப்புகிற பெண்களை வம்புக்கு இழுத்தார். "மணலைப் போடுங்கடீன்னா பவுடர் பூசற மாதிரி பூசறீங்க" என்று அவர் கத்த, "வந்து நீங்களே பூசுங்க மாமா, கை காலாவது ஆடும்" என்று அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். சாயங்காலமானால் தடியை ஊன்றிக்கொண்டு கரைக்குப் போய், "லான் படகு வந்துருச்சா?" என்று கேட்பார். மியன் முன்கூட்டியே தெருவெல்லாம் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். ஆளாளுக்கு, "இன்னும் வரல மாமா, இந்தத் தடவை தூரமாப் போயிருக்கான்" என்பார்கள். சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஒன்பதாம் மாதம் லானின் நினைவு நாள் வந்தது. வருஷா வருஷம் தொவாய் அரிசிச் சாராயப் புட்டியோடு வருவார். அவரை மியன் வேலியிலேயே மறித்தாள்.

"இந்த வருஷம் படையல் இல்லைங்க மாமா."

தொவாய் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மாடத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். "படத்தை இறக்கிட்ட. இப்ப சோறும் இல்லைங்கற. அவனை எங்கம்மா நிக்க வைக்கப் போற?"

"சமாதி இருக்குல்ல. அங்க அவனுக்கு என்ன குறை?"

"உங்கப்பன்கிட்ட சொல்லிடு மியன். ஆள் தெம்பா இருக்கான், இப்பவே சொல்லிடு. தள்ளிப் போட்டா தாங்கமாட்டான்."

"சொன்னா மறுபடி படுத்துடுவார். போனவனுக்குப் பசி இல்ல மாமா. இவருக்கு இப்பத்தான் பசிக்க ஆரம்பிச்சிருக்கு."

"போனவனுக்குப் பசி இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார் தொவாய். புட்டியை வேலி ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அந்த வருஷம் லான் பேரில் யாரும் ஊதுபத்தி கொளுத்தவில்லை. அன்று பெரியவர் பொரித்த மீனோடு வயிறு முட்டச் சாப்பிட்டுக் குறட்டை விட்டார். மியன்தான் விழித்துக் கிடந்தாள்.

பன்னிரண்டாம் மாதம் பிறந்தது. வருஷப் பிறப்புக்கு முன்னால் எல்லோரும் குடும்பச் சமாதிகளுக்குப் போய்ப் புல் செதுக்கி, மண் அணைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். இந்தத் தடவை அப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்துத் தனியாகப் போய்விட்டு வரலாம் என்று மியன் கணக்குப் போட்டிருந்தாள். எதை எதையோ மறந்த மனுஷனுக்கு இந்த வழக்கம் மட்டும் மறக்கவில்லை. அவள் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன காலை நேரத்தில், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியின் சமாதியைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டார். படுத்த படுக்கையாகவே இருந்திருந்தால் போயிருக்கமாட்டார். அவரை எழுப்பி நடக்க வைத்தது அவள்தான்.

பக்கத்து வயல்காரி ஓடி வந்து, "உங்கப்பா சமாதி மேட்டுல தோண்டிக்கிட்டு இருக்கார்டீ" என்றதும் மியன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா சமாதிக்குப் பக்கத்தில், லான் பேர் பொறித்த கல் சாய்ந்து கிடந்தது. மணல் இரண்டு பக்கமும் வாரிப் போட்டிருந்தது. பெட்டியின் மூடி உடைந்திருந்தது. குழியின் விளிம்பில் கியெம் பெரியவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை செம்மண். மடியில் களிமண் கட்டிகள். மல்பெரிக் குச்சிகளைப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வா, வா. இங்க வந்து பாரு. மண்ணுடீ. வெறும் மண்ணு."

மியன் குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எவனோ படுபாவி, என் புள்ள பேரைக் கல்லுல வெட்டி நட்டு வெச்சிருக்கான். உயிரோட இருக்கறவனுக்குச் சமாதி கட்டினா அவன் எப்படி வீடு வந்து சேருவான்? அதான் படகு வரமாட்டேங்குது. எனக்கு ஒரு நிமிஷம் உசுரே போயிடுச்சு. சரி, என்னதான் இருக்குன்னு தோண்டிப் பாத்தேன். அவன் இல்ல. மண்ணும் குச்சியும்தான். உள்ள அவன் இல்லவே இல்ல."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே. உள்ளே லான் இல்லைதான். என்றைக்குமே இல்லை. குழிக்குள் ஒரு நீலச் சட்டை மக்கிக் கிடந்தது. அடக்கம் செய்வதற்கு முந்தின நாள் மேல் பட்டனை அவள்தான் தைத்துப் போட்டாள், கழுத்து திறந்திருந்தால் குளிரும் என்று. பட்டன் மட்டும் அப்படியே இருந்தது. மண் தலை இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் குழிக்குள் இறங்கி அந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

தொவாய் வந்தார். பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, மறுபடி செஞ்சு வெச்சிடலாமா?"

"மண்ணு இருக்கு, மல்பெரி இருக்கு, என் கையும் இருக்கு. கூப்பிடறது யாரு?"

"யாரைக் கூப்பிடணும்?" என்றார் பெரியவர்.

"லானைத்தாண்டா. உன் மகனை."

"மண்ணுக்குள்ள வந்து படுறான்னு உயிரோட இருக்கறவனைக் கூப்பிடச் சொல்றியா? கிழட்டு நாயே, நீ என் கூட்டாளியா எமனா?" மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். மியன்தான் நடுவில் போய் நின்று பிடுங்கினாள்.

"நான் கூப்பிடறேன் மாமா. அக்கா கூப்பிட்டா வரமாட்டானா? என் இடுப்புலதான் வளர்ந்தான்."

தொவாய் தலையை ஆட்டினார். "அப்பன் இருக்கும்போது வேற யாரு கூப்பிட்டாலும் செல்லாதும்மா. எங்க வழியில அப்படி. பெத்தவன் ஒத்துக்கிட்டாத்தான் போனவனுக்கே தெரியும், தான் போயிட்டோம்னு. இவன் ஒத்துக்கற வரைக்கும் அவன் அங்கதான், தண்ணியில. கரை தெரியாம."

அன்று மியன் சுகாதார நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். லுவா முகம் வெளுத்துவிட்டது.

"அந்தப் போட்டோ மாடத்துல இருந்ததா? என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா. நான் திருத்தாதீங்கன்னு சொன்னது தேதியை, ஆள் பேரை. சாவை மறைக்கச் சொல்லலியே. துக்கம் வந்தா கூட உக்காந்து அழுங்கன்னு அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். விட்டுட்டேன்."

"சிரிப்பு வருதான்னு மட்டும் பாக்கச் சொன்ன. பாத்தேன். இப்ப என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரியலக்கா" என்றாள். பிறகு மியனின் கையைப் பிடித்துக்கொண்டு அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளையும் மியன்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் மியன் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். புயலைச் சொன்னாள். அவரே கரையில் நின்று கூப்பிட்டதைச் சொன்னாள். கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டினாள்.

"எப்போ?" என்று கேட்டார் அவர். முதல் தடவையாகக் கேட்கிறவர் கேட்கிற மாதிரி கேட்டார். அவருக்கு அது முதல் தடவைதான்.

"ரொம்ப வருஷம் ஆச்சுப்பா."

"குளிர்ல போயிருப்பானே" என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழவில்லை, சாப்பிடவில்லை, தண்ணீர்கூட வாயிலிருந்து வழிந்துவிட்டது. மூச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. கூப்பிடக் கூட்டிப்போவது எங்கே, கட்டிலை விட்டு இறக்கவே முடியவில்லை. கொன்றுவிட்டேன் என்று மியன் வாய்விட்டே சொன்னாள். கேட்க யாரும் இல்லை.

அப்புறம் ஒரு காலையில் அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவிப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"லான் படகு வந்துருச்சா?"

மியன் அவர் முகத்தையே பார்த்தாள். அங்கே எதுவும் மிச்சம் இல்லை. அவள் சொன்னது எந்த ஓட்டை வழியாகவோ விழுந்து போய்விட்டிருந்தது. மறுபடி சொல்லலாம். மறுபடி முதல் தடவையாகக் கேட்பார், மறுபடி செத்துப் பிழைப்பார், மறுபடி மறந்துவிடுவார். கரை வரைக்கும் நடந்து போய்க் கூப்பிடுகிற அளவுக்கு அந்தச் சாவு அவர் ஞாபகத்தில் ஒருநாளும் நிற்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னாலும் தம்பிக்குக் கரை இல்லை, சொல்லாவிட்டாலும் இல்லை. சொன்னால் அப்பாவும் போய்விடுவார்.

"வருவான்பா. எந்திரிச்சுக் கஞ்சி குடிங்க."

வருஷத்தின் கடைசி நாள் வந்தது. அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் செத்தவர்களைப் பேர் சொல்லிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். மியன் மாடத்தில் ஊதுபத்தி கொளுத்தித் தாத்தாவைக் கூப்பிட்டாள், பாட்டியைக் கூப்பிட்டாள், அம்மாவைக் கூப்பிட்டாள். அடுத்த பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். பின்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

கீழே பாயில் சாப்பாடு வைத்தாள். வேகவைத்த பன்றிக்கறி, பூண்டுத் தாள் பொரியல், மீன்.

"லானுக்கும் ஒரு கிண்ணம் வை" என்றார் பெரியவர். "இன்னிக்கு எல்லாப் படகும் வந்துரும்."

வைத்தாள். அவனுக்கு அள்ளிப் போட்ட சோற்றில் ஆவி பறந்தது. மீன் சாற்றுக் கிண்ணத்தை எடுக்க அப்பா அந்தப் பக்கம் குனிந்தார். அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு கணம்தான். சாப்பாட்டுக் குச்சி இரண்டையும் எடுத்து, தம்பியின் சோற்றில் நேராக நட்டாள், செத்தவர்களுக்கு நடுகிற மாதிரி. இறங்கிப்போன படத்துக்கும், படைக்காத சோற்றுக்கும், உடைந்துபோன உடம்புக்கும் பதிலாக அவளால் செய்ய முடிந்தது அதுதான். உதட்டுக்குள், "சாப்பிடுடா" என்றாள்.

பெரியவர் நிமிர்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உயிரோட இருக்கற புள்ளைக்கு இப்படியா வைப்பாங்க? அதுவும் வருஷக் கடைசியில. எடுடீ அதை. படுக்க வை."

மியன் அவரைப் பார்த்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கையில் மீன் சாற்றுக் கிண்ணம் நடுங்காமல் நின்றது. நன்றாகப் பசித்து, சாப்பிட உட்கார்ந்திருக்கிற மனுஷனின் முகம்.

"சரிப்பா" என்றாள். குச்சிகளைச் சோற்றிலிருந்து உருவி எடுத்து, கிண்ணத்தின் பக்கத்தில் படுக்க வைத்தாள்.